மாணவர் படையினரின் உணவுப்படி: உயர்த்துவது மட்டும் போதாது

ஆண்டுதோறும் ஜனவரி 26 அன்று தில்லியின் கடமைப் பாதையில் தேசிய மாணவர் படையின் அணிகள் மிடுக்குடன் நடந்து செல்கின்றன. அடுத்த ஓரிரு நாள்களில் கரியப்பா மைதானத்தில் அவர்களது பேரணி நடக்கிறது. பிரதமர் உரையாற்றுகிறார். இளைஞர் சக்தி, ஒழுக்கம், தேசபக்தி என்று புகழுரைகள் குவிகின்றன. தொலைக்காட்சிகள் அந்தக் காட்சிகளை நாள் முழுவதும் ஒளிபரப்புகின்றன.

அந்தப் புகழுரைகளில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு பொருள் உண்டு. அது அந்த மாணவர்களின் உணவு. நாட்டின் எல்லா மாநிலங்களிலும் ஆண்டு முழுவதும் நடைபெறும் பயிற்சி முகாம்களில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதற்காக நாளொன்றுக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது, அந்தத் தொகை எந்தக் கணக்கின்படி நிர்ணயிக்கப்படுகிறது என்ற கேள்விகளை ஆட்சியாளர்கள் எழுப்புவதில்லை. முகாமில் பத்து நாள் தங்கியிருந்த மாணவர்களுக்கும், அவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர்களுக்கும், வீட்டிலிருந்து பணம் கொடுத்து அனுப்பிய பெற்றோர்களுக்கும் மட்டுமே அது தெரிந்த விஷயமாக இருக்கிறது.

மாணவர் படையினரின் நாள் உணவுப்படியை உயர்த்த வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது உடனே நிறைவேற்றப்பட வேண்டும். ஆனால் உயர்த்துவதோடு பிரச்சனை முடிந்துவிடாது. உணவுக்கான உரிமையை ரூபாயில் நிர்ணயிப்பதா, உணவின் அளவில் நிர்ணயிப்பதா என்பதே அடிப்படையான கேள்வி. இந்தக் கேள்வி மாணவர் படையோடு நிற்பதல்ல. சத்துணவு உண்ணும் பள்ளிக் குழந்தை முதல் அங்கன்வாடிக்கு வரும் கர்ப்பிணி வரை கோடிக்கணக்கானோரின் தட்டோடு தொடர்புடையது.

யார் இந்த மாணவர்கள்?

குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையை அடுத்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய மாணவர் படை உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 20 ஆயிரம் பேர் மட்டுமே இருந்தனர். 1962 போருக்குப் பின்னர் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விருப்பத்தின் பேரில் சேரும் அமைப்பாக மாற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில், எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173இல் புதிதாக ஒரு லட்சம் பேர் சேர்க்கப்படுவர் என்றும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருப்பர் என்றும் பிரதமர் அறிவித்தார். 2024இல் மேலும் மூன்று லட்சம் இடங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் அளித்தார். இதன்படி படையின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 20 லட்சத்தை எட்டுகிறது.

இந்த 20 லட்சம் பேரில் பெரும் பகுதியினர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்பவர்கள். விவசாயத் தொழிலாளர், சிறு விவசாயி, கட்டடத் தொழிலாளி, சிறுகடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சீருடை மீதுள்ள ஈர்ப்பு மட்டும் அவர்களை அழைத்து வருவதில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் மாணவர் படையின் 'சி' சான்றிதழுக்கு 5 விழுக்காடும், 'பி' சான்றிதழுக்கு 3 விழுக்காடும், 'ஏ' சான்றிதழுக்கு 2 விழுக்காடும் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது. வேலையின்மை கழுத்தை நெரிக்கும் நாட்டில் அந்த மதிப்பெண்களுக்காக அதிகாலையில் எழுந்து மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகள் இவர்கள்.

வாராந்திர அணிவகுப்புப் பயிற்சி முடிந்ததும் அவர்களுக்குச் சிற்றுண்டி தரப்பட வேண்டும். அதற்கான செலவு மாநில அரசுகளுடையது. ஆண்டுப் பயிற்சி முகாம் சுமார் பத்து நாள் நடக்கும். அங்கு மூன்று வேளை உணவுக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு படி நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. முகாம் செலவில் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பங்குண்டு. இந்தப் படி தானாக உயர்வதில்லை. தில்லியில் கோப்பு நகர்ந்து, நிதித்துறை ஒப்புதல் பெற்று, ஆணை வெளிவந்தால்தான் உயரும். அதுவரை சந்தையில் பருப்பு விலை எங்கே போனாலும், எண்ணெய் விலை எங்கே போனாலும், முகாமில் செலவிடும் தொகை பழைய ஆணையில் எழுதியிருப்பதே.

தட்டில் இருக்க வேண்டியது என்ன?

முகாமில் ஒரு மாணவரின் நாள் விடியலுக்கு முன் தொடங்குகிறது. உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி சுடும் பயிற்சி, வரைபட வாசிப்பு, தடை தாண்டும் பயிற்சி, விளையாட்டு, மாலையில் கலை நிகழ்ச்சிக்கான ஒத்திகை என்று இரவு வரை நீள்கிறது. வளரும் வயது, வெயில், கடும் உடலுழைப்பு ஆகிய மூன்றும் ஒன்று சேரும் நாள் அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 16 முதல் 18 வயது வரையிலான ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3,320 கிலோ கலோரி ஆற்றலும் 55 கிராம் புரதமும் தேவை. அதே வயதுப் பெண் பிள்ளைக்கு 2,500 கிலோ கலோரியும் 46 கிராம் புரதமும் தேவை. இவை சாதாரண நாளுக்கான கணக்கு. முகாமின் உழைப்புக்கு இதைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

உணவுப்படி போதாதபோது முதலில் குறைவது சோறும் சப்பாத்தியும் அல்ல. வயிறு நிரம்பாவிட்டால் கூச்சல் எழும் என்பது சமையல் கூடத்தை நடத்தும் எவருக்கும் தெரியும். குறைவது பருப்பின் கெட்டித்தன்மை. பிறகு காய்கறி உருளைக்கிழங்காகச் சுருங்கும். பிறகு பால் தண்ணீராகும். முட்டையும் பழமும் வாரத்தில் ஏதோ ஒரு நாளுக்குத் தள்ளப்படும். வயிறு நிரம்பும், உடலுக்குச் சத்து சேராது. இந்தக் குறைபாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மூன்று வேளை உணவு வழங்கப்பட்டது என்றுதான் பதிவாகும்.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது இன்னும் கடுமையானது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தரும் தகவலின்படி, 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். நான்காவது சுற்றில் (2015-16) இது 54.1 விழுக்காடாக இருந்தது. அதாவது குறையவில்லை, கூடியிருக்கிறது. இதே வயது ஆண் பிள்ளைகளிலும் 31.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. பத்துப் பெண்களில் ஆறு பேருக்கு ரத்தசோகை உள்ள ஒரு வயதுப் பிரிவிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து, வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வைத்துவிட்டு, அவர்களது தட்டில் கீரையும் பருப்பும் முட்டையும் இருக்கிறதா என்று பார்க்காத அரசு 'பெண் சக்தி' பற்றிப் பேசுகிறது.

ரூபாயா, கிராமா?

இந்திய ராணுவத்தின் முறையான வீரருக்கு உணவு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதைக் கவனித்தால் இந்தப் பிரச்சனையின் வேர் புலப்படும். அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிராம் மாவு அல்லது அரிசி, இத்தனை கிராம் பருப்பு, காய்கறி, எண்ணெய், பால், இறைச்சி என்று எடைக்கணக்கில் ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. உயர்ந்த மலைப் பகுதிகளில் பணிபுரிபவர்களுக்குத் தனி அளவு உண்டு. பருப்பின் விலை ஏறினால் அந்த ஏற்றத்தை அரசு சுமக்கிறது. வீரரின் தட்டில் பருப்பு குறைய வேண்டியதில்லை. கொள்முதலிலும் விநியோகத்திலும் முறைகேடுகள் நடக்கலாம், தரம் குறைந்த பொருள் வரலாம். ராணுவத்தின் உணவு விநியோகம் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே குறைகளைச் சுட்டிக்காட்டியது உண்டு. ஆனாலும் உரிமை என்பது எடையில் எழுதப்பட்டிருப்பதால், குறைந்தால் குறைந்தது என்று சொல்ல முடிகிறது.

மாணவர் படையினருக்கு உரிமை ரூபாயில் எழுதப்பட்டிருக்கிறது. எனவே விலை ஏறினால் அந்த ஏற்றத்தை அரசு சுமப்பதில்லை. மாணவரின் தட்டு சுமக்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்ற அளவில் உணவுப் பொருள் விலை ஏறினால், ஐந்தாண்டுகளுக்கு முன் நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளில் முக்கால் பங்கைத்தான் இன்று அதே நூறு ரூபாய்க்கு வாங்க முடியும். எந்த அமைச்சரும் உணவைக் குறைக்க உத்தரவிட வேண்டியதில்லை. எந்தக் கோப்பிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், கால்பங்கு உணவு காணாமல் போகும்.

இந்த வேறுபாட்டை ராணுவ அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். 2017 ஜூலையில், ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, அமைதிப் பகுதிகளில் பணிபுரியும் அதிகாரிகளுக்குப் பொருளாக வழங்கப்பட்டு வந்த ரேஷன் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாகப் பணம் வழங்கப்பட்டது. அதிகாரிகளிடையே கடும் அதிருப்தி எழுந்தது. 2019இல் ஒன்றிய அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்று, மீண்டும் பொருளாகவே ரேஷன் வழங்கத் தொடங்கியது. மாத ஊதியம் பெறும் அதிகாரிக்கே பணத்தைவிடப் பொருள்தான் பாதுகாப்பு என்றால், ஊதியமே இல்லாத பதினாறு வயது மாணவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை விளக்கத் தேவையில்லை. அதிகாரிகளின் குரல் இரண்டே ஆண்டுகளில் தில்லியை எட்டியது. மாணவர்களின் குரலுக்கு அந்த வலிமை இல்லை.

புதுச்சேரி மக்களும் இதே பாடத்தைத் தம் அனுபவத்தில் கற்றார்கள். 2015 முதல் அங்கு நியாயவிலைக் கடை அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை புகுத்தப்பட்டது. வந்த பணம் சந்தை அரிசிக்குப் போதவில்லை. கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள், குறிப்பாகப் பெண்கள், அரிசியே வேண்டும் என்று தொடர்ந்து குரல் எழுப்பினர். 2024 அக்டோபரில் அங்கு நியாயவிலைக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டின் சத்துணவிலோ முட்டை எண்ணிக்கையில் வழங்கப்படுகிறது. நாமக்கல்லில் முட்டை விலை ஏறினாலும் இறங்கினாலும் குழந்தைக்கு உரியது ஒரு முழு முட்டை. அதில் பாதியை யாராலும் குறைக்க முடியாது.

அணிவகுப்பில் வீரர், செலவில் மாணவர்

உணவுப்படி போதாதபோது பற்றாக்குறை வேறு இடங்களில் நிரப்பப்படுகிறது. மாணவர் படைப் பொறுப்பிலுள்ள ஆசிரியர்கள் தம் கைப்பணத்தைப் போடுகிறார்கள். பெற்றோர் பிஸ்கட்டும் பணமும் கொடுத்து அனுப்புகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முகாமின் சிற்றுண்டிக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஒதுங்கி நிற்கிறது. ஒற்றுமையும் ஒழுக்கமும் என்பது மாணவர் படையின் குறிக்கோள். ஒரே வரிசையில் நடந்த பிள்ளைகளைச் சாப்பாட்டு நேரத்தில் பணம் பிரித்துவிடுகிறது.

அணிவகுப்பில் அவர்களை நாட்டின் படையாகக் காட்டும் அரசு, செலவு என்று வரும்போது அவர்கள் படையினர் அல்லர், வெறும் மாணவர்கள் என்கிறது. இந்த இரட்டை அளவுகோல் தேசிய மாணவர் படையோடு நிற்கவில்லை. ராணுவப் பயிற்சிக் கழகங்களில் அதிகாரிகளாகப் பயிற்சி பெறும்போது காயமுற்று, உடல் ஊனமடைந்து வெளியேற்றப்பட்ட இளைஞர்கள், பணியில் சேர்வதற்கு முன்பே விபத்து நேர்ந்தது என்ற காரணத்தால் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைப் பெறவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தை அவர்களுக்கும் நீட்டிக்க ஒன்றிய அரசு முன்வந்தது. நாட்டுக்காகப் பயிற்சி பெறுபவரின் உடலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, நீதிமன்றம் தட்டிக் கேட்கும் வரை அரசிடம் பதில் இல்லை.

குழந்தைகளின் தட்டிலும் இதே நோய்

மாணவர் படையினருக்கு மட்டும் படியை உயர்த்திவிட்டு, பள்ளிக் குழந்தைகளையும் அங்கன்வாடிக் குழந்தைகளையும் மறந்துவிடுவது நியாயமாகாது. 'பிஎம் போஷன்' என்று பெயர் மாற்றப்பட்ட மதிய உணவுத் திட்டத்தில் சுமார் 11 கோடிக் குழந்தைகள் பயன்பெறுகின்றனர். அதில் அரிசியும் கோதுமையும் எடைக்கணக்கில் வழங்கப்படுகின்றன. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம், நடுநிலைப்பள்ளிக் குழந்தைக்கு 150 கிராம். ஆனால் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்கு ரூபாயில் ஒரு தொகை.

அந்தத் தொகை தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 2020இல் 4.97 ரூபாய். 2022 அக்டோபரில் 5.45 ரூபாய். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பைசாவும் உயரவில்லை. 2024 அக்டோபரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 10.87 விழுக்காட்டைத் தொட்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் தொகை 6.19 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025 மே முதல் 6.78 ரூபாய். இந்த 6.78 ரூபாயில் 20 கிராம் பருப்பும், 50 கிராம் காய்கறியும், 5 கிராம் எண்ணெயும் வாங்கி, அடுப்பும் எரிக்க வேண்டும். எடையில் எழுதப்பட்ட அரிசி விலைவாசியால் குறையவில்லை. ரூபாயில் எழுதப்பட்ட பருப்பும் காய்கறியும்தான் குறைகின்றன. ஒரே தட்டில் இரண்டு முறைகளும் அருகருகே இருப்பதால், எது குழந்தையைக் காக்கிறது, எது கைவிடுகிறது என்பதை அங்கேயே பார்க்கலாம்.

அங்கன்வாடிகளின் நிலை இன்னும் மோசம். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9.50 ரூபாய் என்று 2017இல் நிர்ணயிக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கை உரையில், இந்தத் தொகைகள் 'தகுந்த அளவில்' உயர்த்தப்படும் என்று நிதியமைச்சர் கூறினார். எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. சமைத்துப் போடும் தொழிலாளர்களையும் இதே கணக்குதான் வதைக்கிறது. மதிய உணவுத் திட்டத்தின் சுமார் 25 லட்சம் சமையல் ஊழியர்களுக்கு ஒன்றிய அரசின் விதிப்படி மாத மதிப்பூதியம் 2009 முதல் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். கேரளம் போன்ற சில மாநிலங்கள் தம் சொந்த நிதியிலிருந்து கூடுதலாக வழங்குகின்றன. ஒன்றிய அரசு தன் பங்கை உயர்த்தவில்லை.

பணமில்லையா?

நிதி இல்லை என்ற பதில் இங்கு பொருந்தாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. தேசிய மாணவர் படையின் 20 லட்சம் பேரும் ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் முகாமுக்குச் செல்வதாக வைத்துக்கொண்டு, நாள் உணவுப்படியை ஒவ்வொருவருக்கும் 50 ரூபாய் உயர்த்தினால் ஆகும் கூடுதல் செலவு 100 கோடி ரூபாய். பாதுகாப்பு ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 6,800 ரூபாய்க்கு ஒரு ரூபாய். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் நிறுவனங்களுக்கு வரிக் குறைப்பு அறிவித்தபோது, அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே கூறியது. அந்தத் தொகைக்கு முன்னால் மாணவர்களின் பருப்புக்கான செலவு எம்மாத்திரம்?

சந்தையில் விலை ஏறுவதற்கு அரசின் கொள்கைகளும் காரணம். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசி, கோதுமை மாவு, தயிர் ஆகியவற்றின் மீது 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. ஒரு கையால் உணவுப் பொருளின் மீது வரி போட்டுவிட்டு, மறு கையால் உணவுப்படியை உறைய வைப்பது இரட்டைத் தாக்குதல். பணவீக்க விகிதம் குறைந்துவிட்டது என்று அரசு சில மாதங்களில் மார்தட்டிக் கொள்வதுண்டு. விகிதம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைகிறது என்றே பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதில்லை.

படியை உயர்த்தும்போது அதன் சுமையை மாநிலங்களின் தலையில் கட்டுவதையும் அனுமதிக்க முடியாது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயர்களில் திரட்டப்படும் வருவாயில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. மாணவர் படையை விரிவாக்கியதாகப் பெருமை கொள்ளும் ஒன்றிய அரசு, விரிவாக்கத்தின் செலவையும் ஏற்க வேண்டும்.

இடதுசாரிகளின் கவலை எதற்கு?

ராணுவச் சீருடையணிந்த மாணவர்களின் சாப்பாட்டைப் பற்றி இடதுசாரி இயக்கம் ஏன் பேச வேண்டும் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். போர்வெறியும் ராணுவ ஆரவாரமும் எதிர்க்கப்பட வேண்டியவை. அதே நேரத்தில், சீருடைக்குள் இருப்பவர் விவசாயியின், தொழிலாளியின் பிள்ளை என்பதை இடதுசாரி இயக்கம் ஒருபோதும் மறந்ததில்லை.

1905இல் ரஷ்யாவின் 'பொதெம்கின்' போர்க்கப்பலில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தது புழு நெளிந்த இறைச்சியை உண்ண மறுத்ததிலிருந்துதான். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைத் தளத்தின் மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது தகவல் தொடர்புப் பயிற்சித் தளம். கெட்டுப்போன உணவும், இனவெறி கொண்ட அதிகாரிகளின் வசைமொழியும் அவர்களது உடனடிக் குறைகள். சில நாள்களில் 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவி, சுமார் 20 ஆயிரம் மாலுமிகள் பங்கேற்ற எழுச்சியாக அது வளர்ந்தது. காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைமைகள் மாலுமிகளைச் சரணடையச் சொன்னபோது, கம்யூனிஸ்ட்டுகள் அவர்களுக்கு ஆதரவாகப் பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தனர். பம்பாயின் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினர். இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். சிப்பாயின் உணவுத் தட்டைப் பற்றிப் பேசுவது அந்த மரபின் தொடர்ச்சி.

சுதந்திர இந்தியாவில், 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ் தமக்கு வழங்கப்படும் உணவின் தரம் குறித்துக் காணொலி வெளியிட்டார். நாடு முழுவதும் அது பேசப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். படைவீரரின் பெயரால் ஓட்டுக் கேட்கும் ஆட்சி, உணவு பற்றிக் கேள்வி கேட்ட படைவீரரை நடத்திய விதம் இது.

மாணவர் படையில் சேரும் பிள்ளைகளின் எதிர்கால நம்பிக்கையும் பறிக்கப்படுகிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சேரும் வீரர்களில் நான்கில் மூன்று பங்கினர் நான்கு ஆண்டுகளில் ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்படுவர். பயிற்சிக் காலத்தில் போதிய உணவில்லை, பயிற்சி முடிந்தால் நிலையான வேலையில்லை என்ற நிலையில், மேடையில் தேசபக்தி உரைகளுக்கு மட்டும் குறைவில்லை. பல மதத்தையும் மொழியையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் இடம் மாணவர் படை முகாம். அந்த மதச்சார்பற்ற பொதுத்தன்மையை எந்தப் பிரிவினைப் பிரச்சாரத்துக்கும் இரையாக்காமல் காப்பதும் இதே அளவு முக்கியம்.

வேண்டியது என்ன?

முதலாவதாக, மாணவர் படையினரின் நாள் உணவுப்படியும், அணிவகுப்புச் சிற்றுண்டிப் படியும் இன்றைய சந்தை விலைக்கு ஏற்ப உடனடியாக உயர்த்தப்பட வேண்டும். கூடுதல் செலவை ஒன்றிய அரசே ஏற்க வேண்டும்.

இரண்டாவதாக, முகாம் உணவுக்கான உரிமை எடையிலும் எண்ணிக்கையிலும் வரையறுக்கப்பட வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையை அடிப்படையாகக் கொண்டு, இத்தனை கிராம் பருப்பு, காய்கறி, எண்ணெய், பால், இத்தனை முட்டை அல்லது அதற்கு இணையான சைவ உணவு என்று அட்டவணை வெளியிடப்பட வேண்டும். ரூபாய்த் தொகை அந்த அட்டவணையிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். தொகையிலிருந்து உணவைக் கணக்கிடும் தலைகீழ் முறை ஒழிய வேண்டும்.

மூன்றாவதாக, பணமாக வழங்க நேரும் இடங்களில், உணவுப் பொருள் விலைக் குறியீட்டோடு இணைத்து, ஆண்டுதோறும் குறித்த தேதியில் தானாகவே உயரும்படி செய்ய வேண்டும். ஊழியர்களின் அகவிலைப்படிக்கு ஆண்டுக்கு இருமுறை கணக்குப் பார்க்கும் அரசுக்கு இது முடியாத காரியமல்ல.

நான்காவதாக, ஒவ்வொரு முகாமிலும் அன்றாட உணவுப் பட்டியலும் அளவும் மாணவர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். மாணவர், மாணவியரும் பொறுப்பு ஆசிரியர்களும் இடம்பெறும் உணவுக் குழு அமைக்கப்பட வேண்டும். குறை கூறியதற்காக எந்த மாணவரும் சான்றிதழை இழக்கக் கூடாது. சமைக்கும் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதிசெய்யப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, இதே நெறி மதிய உணவுக்கும் அங்கன்வாடிக்கும் விரிவாக்கப்பட வேண்டும். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் உணவில் இருக்க வேண்டிய ஆற்றலையும் புரதத்தையும் அட்டவணையில் வரையறுத்திருக்கிறது. அதற்குப் போதிய நிதியை ஒதுக்குவது சட்டத்தை நிறைவேற்றும் கடமை.

இவை நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள். அங்கு மட்டும் எழுப்பினால் போதாது. மாணவர், வாலிபர், மாதர், ஆசிரியர் அமைப்புகளில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்கள் தத்தம் பகுதிப் பள்ளி, கல்லூரிகளில் மாணவர் படைப் பிள்ளைகளோடும் அவர்களது பெற்றோரோடும் பேச வேண்டும். அணிவகுப்பு முடிந்ததும் என்ன சிற்றுண்டி கிடைத்தது, முகாமில் என்ன சாப்பிட்டார்கள், கையிலிருந்து எவ்வளவு செலவழித்தார்கள் என்ற எளிய கேள்விகளிலிருந்து அந்த உரையாடலைத் தொடங்கலாம். அதே பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் சமைக்கும் பெண்களின் குறைகளையும் அதே நாளில் கேட்கலாம். சீருடைப் பிள்ளையின் தட்டுக்கும் சத்துணவுக் குழந்தையின் தட்டுக்கும் சமையல் தொழிலாளியின் கூலிக்கும் உள்ள தொடர்பை மக்கள் முன் வைத்து, இம்மூன்றுக்குமான கோரிக்கைகளை ஒரே இயக்கமாகக் கட்டியெழுப்புவது உடனடிக் கடமை.